குதிகால் காவல்

செருப்புக்கடை மாடியில் அன்றைக்கும் கால் வைக்க இடமில்லை. படிக்கட்டு முழுக்கக் கைக்குழந்தைகள். அவற்றைச் சுமந்துகொண்டு அப்பன், ஆத்தா, அத்தை, சித்தப்பன் என்று ஒரு பட்டாளம். மேலே வீற்றிருந்தவர் குதிகால் ஐயா. குதிகால் வைத்தியத்துக்குச் செருப்புக்கடையைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் உண்டா என்ன!

விஷயம் இதுதான். பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் எடுப்பார்கள். சில குழந்தைகள் நோயை எதிர்க்கும் சக்தியே இல்லாமல் பிறந்துவிடும். பரம்பரைக் கோளாறு. பார்வைக்கு என்னவோ கொழுகொழுவென்றுதான் இருக்கும். சோதனையில் தெரிந்துவிட்டால் உடனே வைத்தியம் பார்க்கலாம்.

ஐயா சொன்னது வேறு. "உடம்போட காவல் குதிகால்லதான் குடியிருக்கு. ஊசி குத்தினா அது ஒழுகிப் போயிரும்." ஒழுகியதா இல்லையா என்று குதிகாலை முகர்ந்தே கண்டுபிடிப்பாராம். ஒழுகாத காலுக்கு ஒரு பூச்சு மெழுகு; ஒழுகிய காலுக்கு மூன்று பூச்சு, கட்டணமும் மும்மடங்கு. ஒழுகுவதற்குக் காவல் என்ன குழாய்த் தண்ணீரா என்று ஒரு ஆளும் கேட்கவில்லை.

இரட்டைக் குழந்தைகளோடு வரிசையில் நின்ற தையல்காரர் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு முறை அளக்காமல் துணியில் கத்திரி வைக்காத மனுஷன், இதை மட்டும் அளக்காமலே நம்பிவிட்டார். பாவம், அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. தலைப்பிள்ளை ஐந்தாம் மாதத்தில் சளி, காய்ச்சல் என்று கிடந்து கைவிட்டுப் போய்விட்டான். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. இப்போது இரட்டைக் குழந்தைகள், ஒரு பெண்ணும் ஒரு பையனும். முந்தின நாள் நர்ஸம்மா பெண்குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் பையனிடம் திரும்பினார். தையல்காரர் அவனை வாரிச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் ஓட்டமெடுத்தார்.

மனைவி ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, மூத்தவனை என்ன ஏதுன்னு தெரியாமலே பறிகொடுத்தோம். இவனுக்கும் தெரியாமலே இருக்கணுமா?"

"ஐயாகிட்ட ஒரு தடவை காட்டிருவோமே."

"சரி, காட்டுவோம். அவர் மூக்கு நிஜம்னா நான் வாயே திறக்கல. பொய்னா நேரா ஆஸ்பத்திரி. சம்மதமா?"

"சம்மதம்."

புருஷன் கண் முன்னாலேயே, மகள் காலிலிருந்த பிளாஸ்திரியைப் பிரித்து மகன் காலில் ஒட்டினாள். ஊசி குத்திய தடம் கண்ணுக்கே தெரியவில்லை. ஐயா எப்படியாவது ஜெயித்துவிட வேண்டுமே என்று தையல்காரர் மனசுக்குள் வேண்டிக்கொண்டே படியேறினார்.

"இரட்டைப் பிள்ளைங்க ஐயா. ஒண்ணோட வாசனை இன்னொண்ணுல ஒட்டிக் குழப்பிராதே?" என்றாள் மனைவி வெகு பணிவாக.

"என் மூக்காம்மா குழம்பும்? நல்லா கேட்டே போ!"

ஐயா கண்ணை மூடினார். மூடுவதற்கு முன் அவர் பார்வை இரண்டு கால்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததைத் தையல்காரர் பார்த்துவிட்டார்.

முதலில் பெண்குழந்தை. "ஆஹா! காவல் தளும்புது! ஊசி இந்தப் பக்கமே வரல."

அடுத்தது பையன். ஐயா தேள் கொட்டியதுபோல் துள்ளினார். "ஐயய்யோ! முக்கால்வாசி ஒழுகிருச்சே! எந்தப் பாவி குத்தினது? மூணு பூச்சு தாங்குமோ தாங்காதோ!"

மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க."

தையல்காரர் மகனை மார்போடு சேர்த்துப் பிடித்தார். "ஐயா, இவனை ஊசி தொடவே இல்லீங்க. நான்தான் தூக்கிட்டு ஓடினேனே! குத்தினது அவளுக்கு. பிளாஸ்திரியை மாத்தி ஒட்டிக் கொண்டாந்தோம்."

ஐயா திருதிருவென விழித்தார். "அது வந்து... இன்னிக்கு எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்."

"ஜலதோஷமா?" படிக்கட்டிலிருந்து ஒரு சித்தப்பன் எகிறினார். "அப்ப காலையிலேருந்து எங்க பிள்ளைங்க காலையெல்லாம் யார் மூக்கால மோந்தீரு?"

மாடியே சிரித்தது. சிரித்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிடத் தொடங்கியதும் ஐயா எழுந்தார். பின்படிக்கட்டு வழியாகக் குதிகால் பிடரியில் பட ஓடினார்.

சொன்ன வாக்கைத் தையல்காரர் காப்பாற்றினார். பையனை அவரே தூக்கிக்கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் காலை நீட்டிப் பிடித்தார். சில நாளில் முடிவு வந்தது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பையனுக்குத்தான் அந்தக் கோளாறு.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா. "கிருமி எதுவும் அண்டுறதுக்குள்ள வந்துட்டீங்க. வைத்தியம் இருக்கு, இன்னிக்கே ஆரம்பிக்கலாம்."

"இவனையா நான் தூக்கிட்டு ஓடினேன்!" என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மனைவி அவர் கையைப் பிடித்து இறக்கினாள். பையன் அதே ஆஸ்பத்திரியில் இப்போது தேறி வருகிறான்.

அடுத்த தெருவில் ஒருவர் காதுமடலைத் தடவியே ஆயுள் சொல்கிறாராம். அங்கேயும் வரிசை வாசலைத் தாண்டிவிட்டதாகக் கேள்வி. யோசிப்பதற்குக் கட்டணம் கிடையாது, காத்திருக்கவும் வேண்டாம். இருந்தும் யோசிக்கிற பக்கம் மட்டும் ஏன்தான் கூட்டமே சேர மாட்டேன் என்கிறது?