முதல் நொடியிலேயே நின்றுவிட்ட சார்

பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியைத் தாண்டி ஓர் அடிகூட நகராத வாத்தியார் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் தூத்துக்குடிக் கல்லூரியில் இயற்பியல் எடுத்தார். பிள்ளைகள் வைத்த பெயர் 'முதல்நொடி சார்'. ஜூனில் பிரபஞ்சத்தைக் கொதிக்க வைப்பார். தீபாவளி வந்தும் அது ஆறியிருக்காது.

"சிலபஸை எப்ப சார் முடிப்பீரு?" என்று தமிழ்த்துறைக்காரனான நான் கேட்டால் சீறுவார்.

"கேளும்வே! சூடு குறையக் குறைய, ஒண்ணா கெடந்த விசையெல்லாம் தனித்தனியா பிரிஞ்சிட்டு, தண்ணி ஐஸாகுத மாதிரி. எல்லா முடிவும் அங்கனயே எடுத்தாச்சு. பொறவு நடந்ததெல்லாம் சில்லறை!"

அந்தச் சில்லறையில் அவர் வயிறும் அடக்கம். மணிக்கணக்குச் சம்பளத்திலேயே தலை நரைத்த தற்காலிக ஆசிரியர் அவர். ஒருவழியாக எங்கள் கல்லூரியிலேயே நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது.

மனுஷன் சான்றிதழோடு நிறுத்துவாரா? திரேஸ்புரத்தில் ஒரு மீன்பெட்டியை வாங்கி, ஐஸை நொறுக்கிப் போட்டு, உப்பளத்து உப்பைக் கொட்டி, நடுவில் சுத்தமான தண்ணீர் பாட்டிலைப் புதைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வராண்டா முழுக்கச் சாளைமீன் கவிச்சி.

"உறையுத குளிரைத் தாண்டியும் இது தண்ணியாவே நிக்கும்வே. ஒரு தட்டு தட்டினா ஐஸ். பிரபஞ்சமும் இப்படிக் காத்துக் கெடந்திருக்கலாம்னு உள்ள காட்டப்போறேன்."

மதியம்வரை கூப்பிடவில்லை. பெட்டியை யாரும் ஆட்டிவிடாமல் காவல் காத்தார். கடைசியில் பியூன் சூசைதான் வந்தார்.

"சார், நிர்வாகியோட மச்சினனைப் போட்டாச்சு. போன வாரமே முடிவாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

சார் பாட்டிலை மெல்ல எடுத்து பெஞ்சில் டொக்கென்று வைத்தார். மேலிருந்து கீழே, எங்கள் கண்ணெதிரே, தண்ணீர் வெள்ளையாக உறைந்து இறங்கியது.

"ஏ மாதாவே!" என்றார் சூசை.

"பாத்தீரா! பாத்தீராவே!" என்று சார் கைதட்டிக் குதித்தார். பார்க்க வேண்டியவர்கள் உள்ளே பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள், நாசமாய்ப் போக!

"என்ன சார் இது அநியாயம்?" என்று நான் கத்தினேன். சாருக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நான்தான் சொன்னேன்லா. எல்லா முடிவும் மொதல்லயே எடுத்தாச்சு."

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. கீழவைப்பாரில் டியூஷன் எடுக்கிறாராம். அங்கேயும் முதல் நொடிதானாம்.

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கிறது. வீட்டில் யாராவது அதன் கதவைப் படாரென்று சாத்தினால் என்னிடம் திட்டு வாங்குவார்கள். அதை அவர் வந்து தட்டட்டும்.