மீனவர் தீவுக்குப் போன பொய்

இத்தாலிக்கு விமானம் ஏறும்போதே என் வீட்டுக்காரர் கிளெமென்ட் சொல்லிவிட்டார்.

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல முப்பது வருஷம் மலையாள லாரிக்காரங்களோட பேசுனவன் நான். இத்தாலிக்காரன் எம்மாத்திரம்? எல்லாம் நானே பேசிக்கிறேன். நீ பேசாம வா செபஸ்தி."

நானும் பேசாமல்தான் போனேன்.

மிலானில் வேலை பார்க்கிற மகன் ரொனால்டு, ஒரு நாள் காலையில் எங்கள் இரண்டு பேரையும் ஏரிக்கரையில் இறக்கிவிட்டான். சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. ஏரி என்றதும் ஆத்தூர் அணை அளவுக்கு நினைத்திருந்தேன். இதுவோ கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். அக்கரையில் பனி மூடின மலை, நடுவில் தீவுகள். படைத்துவிட்டு ஆண்டவரே கொஞ்ச நேரம் நின்று பார்த்திருப்பார்.

முதல் தீவில் ஓர் அரண்மனை. அதன் பின்னால் பத்து அடுக்குத் தோட்டம். தொட்டிகளில் எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. உச்சியில் ஒரு வெள்ளை மயில் தோகையை விரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, வானத்துலேருந்து சம்மனசு எறங்குன மாதிரி இருக்கு."

"சுண்ணாம்புத் தொட்டியில விழுந்திருக்கும்."

பத்து அடுக்கும் ஏறிய கோபம் அவருக்கு. முழங்காலைத் தடவிக்கொண்டே புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

நான் வந்ததோ அடுத்த தீவுக்கு. மீனவர்கள் குடியிருக்கும் சின்னத் தீவு. அங்கே பழைய கோயில் ஒன்று உண்டு. ஊரில் மகள் ஜோஸ்பினுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போது ஒன்பதாம் மாதம். அந்தக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்திருந்தேன்.

சாப்பிட்டு முடித்து, படகுத் துறையில் விசாரிக்கப் போனவர் துக்க முகத்தோடு திரும்பினார்.

"அந்தத் தீவுல இன்னைக்குப் படகு நிக்காதாம். கோயிலும் பூட்டாம்."

"யாரு சொன்னா?"

"டிக்கெட்டுக்காரரு. இத்தாலி பாஷையிலேயே சொன்னாரு."

"எதுக்கும் நானும் ஒரு வார்த்தை கேட்டுருறேன்."

இவரும் பின்னாலேயே வர, ரொனால்டு எழுதிக் கொடுத்த தீவின் பெயரை டிக்கெட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ஏரியைக் கைகாட்டி, "பெஸ்கத்தோரி, பொய் மாத்ரே, பொய் பல்லான்சா" என்றார்.

"ஏங்க, பொய்ங்கிறாரே."

"யாரைச் சொல்றாரு?"

"என்னையப் பாத்துச் சொல்லலை."

எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்த அந்தப் புண்ணியவான் இவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொன்னார். பொய். பொய்.

இவருக்கு வேர்த்துவிட்டது.

"முழங்கால் வலி செபஸ்தி. மரத்தடியில செத்த படுக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுக்காகத் தமிழ்லயா மானத்தை வாங்குவான்?"

அடுத்த படகிலேயே போனோம். கோயில் திறந்திருந்தது. திரியை ஏற்றினேன். சுடர் ஆடாமல் நின்றது. வலிக்கிற முழங்காலையே மடக்கி அவரும் என் பக்கத்தில் மண்டியிட்டார். வெளியே ஏரி முழுக்க வெளிச்சம்.

சாயங்காலம் கரையில் ரொனால்டைப் பார்த்ததும் புகார் வைத்தார்.

"ஏலே, உங்க ஊருக்காரன் என்னையப் பொய்யன்ங்கிறான்டா."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, இங்க 'பொய்'னா 'அப்புறம்'னு அர்த்தம். படகு நிக்கிற எடத்தை வரிசையாச் சொல்லியிருப்பாரு. அம்மாவுக்குப் போன வாரமே சொல்லிக் கொடுத்தேனே."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதான் செஞ்சியா? உண்மையைச் சொல்லு."

"பொய்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். சொன்னது தமிழா இத்தாலியா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.