ஹீரோ மேல் மட்டும் பெய்த மழை

இனி ஜென்மத்துக்கும் என் மனைவியோடு சண்டைப் படம் பார்ப்பதில்லை என்று போன தீபாவளிக்கு முடிவெடுத்தேன்.

ஹீரோ மொட்டை மாடியிலிருந்து குதிக்கிறான். தியேட்டரே விசில் அடிக்கிறது. பக்கத்து சீட்டில் அருணாதேவி மட்டும், "சட்டை இஸ்திரி கூட கலையலையே" என்கிறாள். ஹீரோ ஐம்பது பேரை அடிக்கிறான். "மத்தவங்க எதுக்கு வரிசையில நிக்கிறாங்க? தர்ம தரிசனமா?" என்கிறாள். மழைச் சண்டையில், ஹீரோ மேல் மட்டும் பெய்கிறது, பின்னால் சுவர் காய்ந்து கிடக்கிறது என்று காட்டிக் கொடுத்தாள். கடைசியில் வில்லன் தன் திட்டத்தையெல்லாம் தானே ஒப்பித்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எந்தத் திருடனாவது கேக்காமயே ஒத்துக்குவானா? காதுல பூ சுத்தறாங்க." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாவம், அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் படமும் போச்சு, என் படமும் போச்சு.

நான் பெயிண்ட் கடைக்காரன். வாரமெல்லாம் டப்பாவைக் குலுக்குகிறவனுக்கு ஒரு வெடிகுண்டு, ஒரு ஹெலிகாப்டர், இரண்டு கார் வானத்தில் பறந்தால்தான் உடம்பு தேறும். அது நிஜமா என்று கேட்டுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

இந்த முறை புதுப்படம் பௌர்ணமியன்று வந்தது. போஸ்டரில் தேதியைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஹீரோ எழுந்து உட்கார்ந்தான். திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று ஒருத்தன் வெறுங்காலோடு வீட்டை விட்டுக் கிளம்பினால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். கிரிவலம்தான். மலையைச் சுற்றி வரும் நேரத்தில் படமும் முடிந்துவிடும், இடைவேளையில் பப்ஸும் சாப்பிட்டுவிடலாம். சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, பகலிலேயே சுத்திட்டு வரேன் என்றேன். அருணாவுக்கு முட்டி வலி, கூட வரமாட்டாள். ஆனால் நெற்றியில் விபூதியைப் பூசி, "பார்த்துப் போய்ட்டு வாங்க" என்று அவள் சொன்னபோது உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. பப்ஸை நினைத்துச் சமாளித்தேன்.

படம் பிரமாதம். இரண்டாம் பாதியில் இடி இடித்தது பாருங்கள், சீட்டே அதிர்ந்தது. சவுண்டுன்னா இது சவுண்டு என்று மெய்மறந்தேன். கடைசிக் காட்சியில் ஹீரோ ஹெலிகாப்டரில் தொங்க, மீதி இரண்டாம் பாகத்தில் என்று போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தால் ரோடெல்லாம் தண்ணீர். இடித்தது நிஜ இடி.

என் சட்டையோ மொடமொடவென்று காய்ந்திருக்கிறது. ஊரே நனைந்திருக்கும்போது கிரிவலம் போனவன் காய்ந்து வந்தால் அருணா விடுவாளா? இஸ்திரி கலையாத ஹீரோவையே நம்பாதவள். டீக்கடை டிரம்மிலிருந்து இரண்டு குவளை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். சட்டையைக் கசக்கினேன். பாதத்தில் சேற்றை அப்பிக்கொண்டேன். டீ மாஸ்டர், ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வீட்டில் அருணாவோடு பக்கத்து வீட்டு சரோஜா உட்கார்ந்து, பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அருணா துண்டை நீட்டி, மழையில் எங்கே மாட்டினீர்கள் என்றாள். பொய் சொன்னால் விவரமாகச் சொல்ல வேண்டும்.

"மலைக்குப் பின்னாடி, அடி அண்ணாமலைல புடிச்சுது பாரு, குபேர லிங்கம் வரைக்கும் விடல."

சரோஜா எண்ணெய் தடவுவதை நிறுத்தினாள். "அப்படியாண்ணா? நானும் இப்பதான் சுத்திட்டு வரேன். அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லையே. வெயில்ல காலு வெந்துபோச்சு."

மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் காயும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது மறந்துபோச்சு.

அருணா என் தலையைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். கடைசியில் பாதத்தைப் பார்த்தாள்.

"இருக்கும் சரோஜா," என்றாள் மெதுவாக. "இவரு மேல மட்டும் பெஞ்சிருக்கும்."

சரோஜா சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனாள். எங்கே போனீர்கள் என்று கேட்பாள், இப்படிச் சொல்லலாம், அதற்கு அப்படிக் கேட்டால் இப்படிச் சமாளிக்கலாம் என்று பதில்களை அடுக்கி வைத்தேன். அவள் கேட்கவே இல்லை. காபி கொடுத்தாள். சர்க்கரைகூட ஜாஸ்தியாகவே போட்டிருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விளக்கேற்றிவிட்டு அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"நீங்க நல்லபடியா சுத்தி முடிச்சிட்டா, இனிமே தியேட்டர் வாசப்படியே மிதிக்க மாட்டாருன்னு சாமிக்கு வேண்டிக்கிட்டேங்க. முடிச்சாச்சு இல்ல? கற்பூரத்து மேல கை வெச்சு சொல்லிடுங்க."

வெடிகுண்டில் சிவப்பு ஒயரா, பச்சை ஒயரா என்று ஹீரோ வியர்த்து நிற்பானே, அந்த இடம். சத்தியம் செய்தால் இந்த ஜென்மத்தில் சினிமா கிடையாது, ஹெலிகாப்டரில் தொங்குகிறவன் கதி தெரியாமலே நான் கண்ணை மூட வேண்டியதுதான். செய்துவிட்டு மீறலாமா? சாமியே நெருப்பாக நிற்கிற ஊரில் நெருப்பு மேல் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்குத் துணிச்சல் வரும்? கற்பூரம் உருகிக்கொண்டே வந்தது.

"அருணா, நான் மலையே சுத்தல."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. நான்தான் நிறுத்தாமல் சொன்னேன். தியேட்டர், பால்கனி டிக்கெட், பப்ஸ், டிரம், குவளை, சேறு, டீ மாஸ்டர் பார்த்த பார்வை, போன பௌர்ணமிக்கும் இதே யோசனை வந்து படம் சரியில்லாததால் விட்டது வரைக்கும் கொட்டிவிட்டேன். கற்பூரம் அணைந்தது. எனக்கு உயிர் வந்தது.

"சுத்தாததால வேண்டுதலும் செல்லாது. சத்தியம் வேணாம் இல்ல?" என்றேன், ஜெயித்தவன் குரலில்.

"வேண்டுதலா? நான் ஒண்ணும் வேண்டிக்கலயே."

"சாமி முன்னாடியா பொய் சொன்ன?"

"கற்பூரத்து மேல கை வெச்சு நானா சொன்னேன்?" என்று தட்டை எடுத்து வைத்தாள். "நிலா வந்துடுச்சு. போய் நெஜமாவே சுத்திட்டு வாங்க."

வெறுங்காலோடு வாசலில் இறங்கினேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். மனம் இரங்கிவிட்டாளோ என்று திரும்பினேன்.

"தீபாவளிக்குப் பார்த்த படத்துல, வில்லன் கேக்காமயே எல்லாத்தையும் ஒத்துக்கறானேன்னு சிரிச்சேன் இல்ல? தப்புங்க. நெஜமாத்தான் எடுத்திருக்காங்க."