முந்நூற்றைம்பது சிசியும் முதல் மோரும்

எஞ்சின் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று நம்பியவன் நான். இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மண்டி இருந்த தெருவுக்குப் போய் காதர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் காதரு, முந்நூத்தம்பதா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு வயது இருபத்திரண்டு, எடை நாற்பத்தெட்டு கிலோ (மழையில் நனைந்தபிறகு நிறுத்தது). அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மாங்காய் மண்டி. கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தெலுங்கு பேசுகிற பெரியவர் ஒருவருக்குப் பெரிய மாந்தோப்பு இருந்தது. அத்தனையும் சப்பட்டை ரக மாம்பழம். அந்தத் தோப்பு யார் மண்டிக்கு வருகிறதோ அவர்தான் அந்த வருசத்து ராஜா.

தோப்பைக் குத்தகைக்கு விடுவதில் பெரியவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிஞ்சு பிடித்ததும் ஒரு நாளைக் குறித்து வியாபாரிகளுக்குச் சொல்லி அனுப்புவார். அன்றைக்குக் காலையில் யார் முதலில் வந்து அவர் கையால் மோர் வாங்கிக் குடிக்கிறாரோ அவருக்குத்தான் தோப்பு. விலை பேசுவதெல்லாம் பிறகு. விடியக்காலையில் எழுந்து அவ்வளவு தூரம் வருகிறவன் காயை அழுக விடமாட்டான் என்பது அவர் கட்சி.

மூன்று வருசமாக முதல் மோர் சுப்பையா அண்ணாச்சி வயிற்றுக்குத்தான் போனது. அண்ணாச்சி எங்கள் எதிர் மண்டிக்காரர், அறுபது வயது, குடையில்லாமல் எங்கும் போகமாட்டார். அத்தாவுக்கு மூட்டுவலி முற்றிவிட்டதால் அந்த வருசம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே காதரு, இந்தத் தடவை நீ போ. ஒரு வண்டி வாங்கிக்கோ. மொத மோரைக் குடிச்சிட்டு வந்தா மண்டிச் சாவி ஒனக்கு. இல்லேன்னா கயத்தாத்துக்குப் போயி ஒன் மாமு கடையில புளி நிறு."

மாமு கடையில் புளியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மாமு சட்டையே புளிவாசம் அடிக்கும். எனக்கு உயிரே போய்விட்டது.

கூமாப்பட்டியைத் தாண்டினால் தோப்பு வரைக்கும் மாட்டுவண்டித் தடம்தான். கல், மணல், நடுவில் ஒரு ஓடை. இந்தத் தடத்துக்கு எத்தனை சிசி வண்டி வாங்குவது? இந்த ஆராய்ச்சிக்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் பழைய பேப்பர் கடையில் எடுத்த வெளிநாட்டு மோட்டோகிராஸ் புத்தகம். ஒரு வெள்ளைக்காரன் வண்டியோடு ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தான். கீழே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. (படம் பார்க்க எதுக்கு இங்கிலீஷு?)

ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த என் சிநேகிதன் பால்ராஜிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏலே, ஒனக்கு நூறு சிசி போதும். எடை கம்மி, மணல்ல பொதையாது, விழுந்தா நீயே தூக்கி நிப்பாட்டிக்கிடலாம்."

"நான் எதுக்குலே விழணும்?"

"எல்லாவனும் அப்படித்தாம்லே சொல்லுதான்."

"மலை எம்புட்டுப் பெருசு? அதுக்குப் போயி நூறு சிசியா? முந்நூத்தம்பது பாரு."

"மலை மேலயா ஏறப் போற? மாந்தோப்புக்குத்தானலே போற!"

கேட்பேனா? அத்தா புது நூறு சிசி வாங்கச் சொல்லித் தந்த பணத்தில் பழைய முந்நூற்றைம்பது ஒன்றை வாங்கினேன். முன் மட்கார்டைத் தூக்கி வைத்து, சைலன்சரை வெட்டிவிடச் சொன்னேன். பால்ராஜ் தலையில் அடித்துக்கொண்டே செய்து கொடுத்தான். ஸ்டாண்டைத் தட்டினால் வண்டி என் மேல் சாயும். கிக்கரை மிதித்தால் அது என்னைத் திருப்பி மிதிக்கும். மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால் மட்டும் உயிர் வரும்.

குறித்த நாள் வந்தது. கண்ணுக்குப் பால்ராஜின் வெல்டிங் கண்ணாடி. முட்டிக்குக் காப்பு வேண்டுமே என்று, சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை இரண்டு முட்டியிலும் பந்து பந்தாகச் சுற்றிக்கொண்டேன். (கண்ணாடியில் பார்த்தபோது அந்த வெள்ளைக்காரனேதான் தெரிந்தான். அல்லாவுக்குத் தெரியும், அப்படித்தான் தெரிந்தது.) நான் கிளம்பிய சத்தத்தில் தெருவில் இருந்த அத்தனை கைக்குழந்தைகளும் எழுந்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கூமாப்பட்டி தாண்டித் தடத்தில் ஏறியதும், முன்னால் ஒரு குடை போய்க்கொண்டிருந்தது. சுப்பையா அண்ணாச்சி முதல் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து போகிறார்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன்.

"பையப் பைய வாங்க அண்ணாச்சி! மோர் மிச்சம் வைக்கேன்!"

அண்ணாச்சி என்னவோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. புழுதியைக் கிளப்பிவிட்டுப் பறந்தேன்.

ஓடை வந்தது. முழங்கால் தண்ணீர்தான், அடியில் மணல். வெள்ளைக்காரனை நினைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி பறக்கவில்லை. நேராக நடு ஓடைக்குப் போய், எருமை மாதிரி நிதானமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. அடியில் என் இடது கால்.

தள்ளிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ம்ஹூம். பால்ராஜ் சொன்னது காதுக்குள் அப்படியே திரும்பக் கேட்டது. தண்ணீரில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கயத்தாற்றுப் புளிவாசமும் சேர்ந்து அடித்தது.

கொஞ்ச நேரத்தில் குடை வந்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், வேட்டியைத் தூக்கிக் கட்டினார், நிதானமாகத் தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எலும்பு கிலும்பு முறிஞ்சிருக்கா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"மூச்சு நல்லா வருதா?"

"வருது அண்ணாச்சி."

"அப்பச் சரி. மோர் மிச்சம் வைக்கேன்."

போயேவிட்டார்! அந்தக் குடை அக்கரையில் ஏறி, மரங்களுக்குள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அடுத்து வந்தது ஐம்பது சிசி. மலையடிவாரக் குடிசைகளுக்குத் தடுப்பூசி போடப் போகிற ஸ்டெல்லா சிஸ்டர், மொபெட்டில், மருந்துப் பெட்டியோடு. ஓடைக்கரையில் எஞ்சினை அணைத்தார், இறங்கினார், சேலையைச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளியே அக்கரை சேர்த்தார். ஸ்டாண்டு போட்டுவிட்டு, மருந்துப் பெட்டியின் மூடியோடு திரும்பி வந்து, என் காலுக்கு அடியில் இருந்த மணலை அந்த மூடியால் அள்ளி அள்ளிப் போட்டார். கால் வெளியே வந்தது. முட்டியைப் பார்த்தவர் திகைத்துவிட்டார்.

"என்ன தம்பி, அடிபடுறதுக்கு முன்னாடியே கட்டுப் போட்டுட்டு வந்திருக்கீங்க?"

"காப்புக்கு, சிஸ்டர்."

"இம்புட்டுப் பெரிய வண்டி எதுக்கு?"

"இந்த ஓடையத் தாண்டத்தான்."

"நான் தெனமும் தாண்டுதேனே!" என்றவர், "எறங்கித் தள்ள முடியாத வண்டியில இந்தத் தடத்துக்கு வரலாமா?" என்றும் கேட்டார். கணுக்காலில் இருந்த சிராய்ப்பைக் கண்டதும், திரும்பி நிற்கச் சொல்லி ஒரு டெட்டனஸ் ஊசியும் போட்டார். வெள்ளைக்காரன் படத்தில் இந்தப் பகுதி இல்லை.

தோப்புக்குள் நான் நுழைந்தது மொபெட்டில், சிஸ்டருக்குப் பின்னால், மடியில் மருந்துப் பெட்டியோடு. கயிற்றுக் கட்டிலில் சுப்பையா அண்ணாச்சி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் என் கண்ணாடியையும் முட்டிக் கட்டுகளையும் பார்த்து, எங்கேயோ வெல்டிங் பட்டறையில் விபத்து என்று பதறிப்போனார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார் பாருங்கள், கட்டில் கால் ஆடியது.

"ஏமய்யா, அண்ணாச்சி எத்தனை சிசியில வந்தாரு?" என்று என்னையே கேட்டார். அண்ணாச்சி ஒரு சொம்பை நீட்டினார். சொன்ன சொல் தவறவில்லை மனுசன், பாதி இருந்தது.

ஓடையில் கிடந்த வண்டியைக் காளைகளைப் பூட்டி இழுத்தார்கள். அது கிளம்புகிற வழியாக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உரம் ஏற்றப் போகிற பெரியவரின் டிராக்டர் டிரெய்லரில் அதை ஏற்றினார்கள். கயிறு போதவில்லை. "நீங்க மேல உக்காந்து ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கோங்க. இல்லேன்னா சாஞ்சிரும்" என்றார் டிரைவர்.

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

அந்தக் காலத்தில் ஏதாவது சங்கம் குலுக்கல் நடத்தினால், முதல் பரிசு வண்டியை இப்படித்தான் டிரெய்லரில் நிறுத்தி ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு வருவார்கள். மகாராஜபுரத்தில் ஆரம்பித்தது. "ஏ, குலுக்கல் வண்டி வருது!" என்று ஜனம் ஓடி வந்தது. "டிக்கெட் எம்புட்டு?" "எப்போ குலுக்குதீக?" "மேல இருக்கிற ஆளும் சேத்தா?" வத்திராயிருப்பில் ஒரு டீக்கடைக்காரர் பத்து டிக்கெட் கேட்டு டிராக்டரையே மறித்துவிட்டார். கிருஷ்ணன்கோவில் வந்தபோது பதில் சொல்லத் தெம்பில்லாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். (அதற்கும் கைதட்டினார்கள்.)

எங்கள் மண்டி வாசலில் டிராக்டர் நின்றபோது பின்னால் ஒரு ஊர்வலமே நின்றது. அத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மோர் கிடைக்கவில்லை என்பதை என் முகம் சொல்லிவிட்டது. கூட்டத்தில் இருந்த ஒருவர், "பாய், நீங்க ஒரு டிக்கெட் எடுக்கலையா?" என்று கேட்டார்.

"நான் எதுக்குங்க எடுக்கணும்? மொதப் பரிசு எனக்கு எப்பவோ விழுந்திருச்சு. இருவத்திரண்டு வருசமா வீட்டுலதான் வச்சிருக்கேன்" என்றார் அத்தா.

மறுநாள் காலை பஸ்ஸில் கயத்தாறு. மூன்று வருசம் புளி நிறுத்தேன். மாமு மகளை எனக்கே கட்டிவைத்தார்கள். அதன்பிறகு புளிவாசம் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. நான் கடைக்கு வந்து சேருவதற்கு முன்பே அவளுக்கு என் கதை முழுசாகத் தெரிந்திருந்தது.

போன மாதம் என் மகன் மலைத்தடத்தில் ஓட்ட பைக் வாங்க வேண்டும் என்று வந்து நின்றான். "எரநூறு சிசி போதுமா அத்தா, நானூறு வாங்கவா?" என்று என்னைக் கேட்டான், என்னை! நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எடை, மணல், ஓடை, இறங்கித் தள்ள முடிகிற வண்டிதான் வண்டி என்று ஸ்டெல்லா சிஸ்டரின் பாடத்தை என் சொந்தச் சரக்கு மாதிரி அரைமணி நேரம் எடுத்துவிட்டேன். பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுப்படியிலிருந்து அவன் அம்மா இரண்டு டம்ளர் மோரோடு வந்தாள். நிறைந்த டம்ளரை அவனிடம் கொடுத்தாள். பாதி டம்ளரை என் கையில் வைத்தாள்.

"உங்களுக்கு மிச்சம் வச்சிருக்கேன்" என்றாள்.