மிச்சம் ரெண்டு ஸ்குரூ

கல்யாண வரவேற்பன்று மாப்பிள்ளை செய்யக் கூடாதவை என்று யாராவது பட்டியல் போட்டால், அடுத்தவருடைய கிடாரின் கழுத்தைக் கழற்றுவது அதில் இருக்காது. அப்படி ஒருவன் இருப்பான் என்று பட்டியல் போடுபவருக்குத் தோன்றாது. நான் இருக்கிறேன். இரண்டாயிரத்து மூன்று, ஆவணி மாதம், புதன்கிழமை, மாலை ஐந்தே முக்கால். குற்றம் செய்வதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். (இந்தப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.)

எனக்குத் தேதிப் பைத்தியம். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. கப்பல் வந்த தேதி, சரக்கு இறங்கிய தேதி, லாரி ஏறிய தேதி என்று பகல் முழுக்கத் தேதிகளோடு குடித்தனம். வீட்டுக்கு வந்தால் பேஸ் கிடார்.

சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி; பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் நாலு, அதுவும் தடித்தவை. கச்சேரியில் அதைக் காதைவிட வயிறுதான் அதிகம் கேட்கும். வாசிப்பவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் நிறுத்தினால் மட்டும் எல்லோரும் எதையோ தொலைத்தவர்கள்போல் திரும்பிப் பார்ப்பார்கள். என்னிடம் அப்போது மூன்று இருந்தன. மூன்றும் என்னைவிட மூத்தவை. ஒன்று வண்ணாரப்பேட்டைப் பழைய சாமான் கடையில், தையல் மெஷின்களுக்கு நடுவே கிடைத்தது. மற்ற இரண்டும் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போனவை.

வாசிப்பில் நான் சுமார். வயது கண்டுபிடிப்பதில் கெட்டி. இந்தக் கிடார்களில் பலவற்றில் கழுத்து, அதாவது இடது கை பிடிக்கும் நீளக் கட்டை, உடம்போடு நாலே நாலு ஸ்குரூவில் நிற்கும். அதைக் கழற்றினால், உள்ளே மறைந்திருக்கும் அடிக்கட்டையில், செய்த தொழிலாளி பென்சிலால் தேதி குறித்திருப்பார். எல்லாவற்றிலும் இருக்காது, இருந்தால் எனக்கு அன்று சோறு வேண்டாம்.

என் தோஸ்து டேவிட்டிடம் ஒரு ஜப்பான் பேஸ் இருந்தது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவன், சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். அந்தக் கிடாரைக் கழற்றிப் பார்க்க ஆறு வருடம் கெஞ்சினேன்.

"ஓடுற இன்ஜின எவனாவது கழட்டுவானா மாமு? அது எந்த வருசத்துல பொறந்தா உனக்கு இன்னா, ஜாதகம் பாக்கப் போறியா?" என்பான்.

இதற்கிடையில் எனக்கே ஜாதகம் பார்த்தார்கள். பெண் ஜெயந்தி, திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் அப்பா தனபால், எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் சீனியர் ஃபிட்டர். எதையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது முதலில் கதவுக் கீலை ஆட்டினார், பிறகு நாற்காலியை. கடைசியில் சுவரில் தொங்கிய மூன்று கிடார்களைப் பார்த்தார்.

"ஆறு கம்பி இருக்கணுமே மாப்ள. மிச்சம் ரெண்டு எங்க, அறுந்துபூட்ச்சா?"

விளக்கினேன். தேதி, பென்சில், அடிக்கட்டை எல்லாவற்றையும் சொன்னேன். (சொல்லியிருக்கக் கூடாது.) அவர் என் அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நல்லா கீற பொருள எதுக்குக் கழட்டறாருன்னு எனக்குப் பிரியல. குடும்பம்னா மாட்டி வெக்கத் தெரியணும். கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பேஜாரு வாணாம். சரின்னா தட்ட மாத்திக்கலாம்."

"விட்டுட்டேன் மாமா," என்றேன். பரணில் ஏற்றியும் வைத்தேன். நாலு மாதம் ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை.

முகூர்த்தம் வியாழன் காலை. வரவேற்பு முந்தின நாள் மாலை, திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில். கச்சேரி டேவிட்டின் குழு, கல்யாணப் பரிசாக. வாத்தியங்களை மேடைக்குப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுக் குழுவினர் டிபன் சாப்பிடப் போனார்கள். பெண் வீட்டார் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு வர அரை மணி தாமதம் என்று தகவல் வந்தது. நான் கோட்டும் சூட்டுமாக அந்த அறையில் தனியே இருந்தேன். எதிரே ஆறு வருடமாகக் கெஞ்சிய கிடார். பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரரின் கருவிப் பெட்டி, திறந்தபடி.

இது கழற்றுவதில் சேராது, பார்ப்பதில்தான் சேரும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கம்பிகளைத் தளர்த்தி, நாலு ஸ்குரூவையும் எடுத்து, கழுத்தை மெதுவாக நெம்பினேன். வந்துவிட்டது. பென்சில் எழுத்தும் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வரைக்கும் தெளிவு. கடைசி எண்ணின்மேல் வார்னிஷ் வழிந்திருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் எட்டு. விளக்குப் பக்கம் சாய்த்தால் மூன்று. கோட்டுக் கையால் துடைத்தால் இரண்டுமே இல்லை.

கதவு தட்டப்பட்டது. "டேய், பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. உள்ள இன்னாடா பண்றே?" என் பெரியப்பா மகன்.

கழுத்தைத் திரும்பப் பொருத்தி இரண்டு ஸ்குரூவை முடுக்கினேன். மூன்றாவதற்குள் கதவு திறந்துவிட்டது. மீதி இரண்டும் கோட்டுப் பாக்கெட்டுக்குள் போயின. நானும் மேடைக்குப் போனேன்.

ஜெயந்தியோடு அதுவரை மொத்தம் மூன்று முறைதான் பேசியிருந்தேன். பக்கத்தில் நின்று வருகிறவர்களை வணங்கிக்கொண்டே, ஒரு காதை மட்டும் கச்சேரிக்குக் கொடுத்தேன். தளர்ந்திருந்த கம்பிகளை டேவிட் முணுமுணுத்துக்கொண்டே சுருதி சேர்த்தான்; முதல் பாட்டு சரியாகப் போனது. இரண்டாவதில் பேஸ் சுருதி இறங்கத் தொடங்கியது. டேவிட் கம்பியை முறுக்கும் சாவியைத் திருகி ஏற்றினான். ஏற்ற ஏற்ற கம்பி கழுத்தை இழுத்தது. கழுத்து சாயச் சாய சுருதி இன்னும் இறங்கியது. பேஸை நம்பிப் பாடகரும் கூடவே இறங்கினார். மூன்றாவது பாட்டின் சரணத்தில் அவர் குரல் எட்டாத ஆழத்துக்குப் போய், வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும். என் கையில் அப்போது ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

பிறகு டமார் என்றது. ஒலிபெருக்கி வழியாக அது மண்டபத்துக்கே கேட்டது. இரண்டு குழந்தைகள் அழுதன. டேவிட்டின் இடது கையில் கழுத்தும், தோள்பட்டையில் உடம்பும், நடுவே நாலு கம்பியும் தொங்கின, கொடிக்கயிறு மாதிரி.

யாரும் கூப்பிடாமலே என் மாமனார் எழுந்து போனார். எங்கே எது கழன்று விழுந்தாலும் அவர் கால் தானாக நடக்கும். குனிந்து பார்த்தார்.

"ஓட்ட நாலு கீது. ஸ்குரூ ரெண்டுதான் கீது. மிச்சம் ரெண்டு எங்க?"

"நேத்து வரைக்கும் நாலும் இருந்துச்சு நைனா," என்றான் டேவிட். சொல்லிவிட்டு, தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தான்.

தாலி கட்ட இன்னும் பன்னிரண்டு மணி நேரம். ஒரு வார்த்தை வெளியே வந்தால் அந்தத் தாலி கட்டப்படாது என்று எனக்குத் தெரிந்தது. வியர்த்தது. துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். அதோடு இரண்டு ஸ்குரூவும் வந்து, ஜெயந்தியின் பட்டுப்புடவைக் கொசுவத்தின்மேல் விழுந்து, தரையில் உருண்டன.

அவள் உருண்டவற்றின்மேல் காலை வைத்தாள். முகம் வீடியோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது.

"எதுக்குக் கழட்னீங்க?"

"வருஷம் பாக்க."

"பாத்தீங்களா?"

"அறுபது வரைக்கும் பாத்தேன். கடைசி எண்ணு பிரியல." அவள் காலடியை ஒரு பார்வை பார்த்தேன். "அப்பாகிட்ட சொல்லப் போறியா?"

அவள் கீழே விழுந்த பூவை எடுப்பதுபோல் குனிந்தாள், நிமிர்ந்தாள், நகையும் மாலையுமாக மேடையைக் குறுக்கே கடந்து போனாள். என் கல்யாணம் அதோ நடந்து போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, இங்க கீழ கெடந்துச்சு," என்று கையை நீட்டினாள்.

மாமனார் வாங்கினார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்குரூவைப் பார்த்தார். கழுத்தைத் துடைத்துப் பொருத்தத் தொடங்கினார். அவள் அங்கேயே, அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றாள். நாலாவது ஸ்குரூ முடுக்கியானதும் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார்.

உதடு அசையாமல் சொன்னாள்: "ஏழு."

"எட்டு மாதிரி இருந்துச்சே."

"ஏழுதான். நடுவுல கோடு போட்ட ஏழு. தெனம் டாக்டருங்க கையெழுத்தப் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அந்தப் போட்டோ இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். சந்தோஷம் பிறகு வந்தது. அது தப்பித்தவன் முகம். அன்றைய டைரியில் மணப்பெண்ணின் பெயர்கூட முழுதாக இல்லை. "1967. நடுக்கோடு போட்ட ஏழு. பார்த்தது ஜெ." அவ்வளவுதான்.

டேவிட் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு வந்து, "பர்த்டேவாச்சும் கண்டுபுடிச்சியா?" என்றான். சொன்னேன். அதன்பிறகு எல்லோரிடமும் அவன்தான் அந்த வருடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தீபாவளிக்கு வந்த மாமனார், பரணிலிருந்து இறங்கி நாலாகியிருந்த கிடார்களைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினார். "வுடு மாப்ள. ஸ்குரூவுக்குக் காலு மொளைக்காதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எம் பொண்ணு பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. யாருக்காவ சொல்லுதுன்னு பாத்துகினு, சும்மா வுட்டேன்." பிறகு ஒவ்வொரு கிடாரின் கழுத்தையும் ஆட்டிப் பார்த்தார். அந்தத் தீபாவளியிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய்க் குளியலுக்கு அடுத்த வேலை அவருக்கு அதுதான்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் ஆனாலும், வரவேற்பு மேடை ஏறுமுன் மாப்பிள்ளையின் கோட்டுப் பாக்கெட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். அது இப்போது ஒரு சடங்கு. காரணம் தெரியாத வெளியூர்ச் சம்பந்திகள் ஏதோ பெண் வீட்டு வழக்கம் என்று நினைத்து, பாக்கெட்டுக்குள் வெற்றிலை பாக்கு வைத்து அனுப்புகிறார்கள். சென்ற முறை தட்டிப் பார்த்த மாமனார், என் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாக்குதான் கீது. நல்ல புள்ள."