பரம்பரை ஏப்ரன்

ரகசியம் காப்பதில் மனிதகுலம் தொட்ட சிகரம் எது என்று நாளைக்கு யாராவது ஆராய்ச்சி செய்தால், கோட்டைகளையும் சுரங்கங்களையும் தோண்டிச் சிரமப்பட வேண்டாம். நேராகக் கமிட்டி அண்ணன் வீட்டு முன்னறைக்கு வந்தால் போதும்.

கமிட்டி அண்ணன் குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், அவர் அல்ல. வீட்டில் குழாய் சொட்டினாலும் கமிட்டி போடுவார். அவரே தலைவர், தம்பி செயலாளர், மைத்துனர் உறுப்பினர், மனைவி பொருளாளர். கமிட்டி கூடும், குழாய் சொட்டுவதை ஒருமனதாக ஒப்புக்கொள்ளும், "உரிய நேரத்தில்" நடவடிக்கை எடுப்பதாகத் தீர்மானிக்கும். குழாயையும் சும்மா சொல்லக்கூடாது. தீர்மானத்தை மதித்து அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும்.

இந்த மாபெரும் நிர்வாகத்தின் முன் நெடுநாளாகக் கிடந்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அது அண்ணனின் தங்கையுடையது. கணவனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு தையல் மிஷினோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள். "முன்னறையை இவளுக்குக் குடுத்துடு, தைச்சுப் பொழைச்சுக்குவா" என்று அப்பா சாகும்போது சொல்லியிருந்தார். முன்னறைக்குத் தெருவைப் பார்த்த கதவு உண்டு, நல்ல வெளிச்சம் உண்டு. அவளுக்குக் கிடைத்ததோ அடுக்களைக்குப் பின்னால் இருந்த இருட்டு நடை. முன்னறை விஷயத்தைக் கமிட்டி மூன்று வருடமாகப் "பரிவோடு பரிசீலித்து" வந்தது. அறை பூட்டியே கிடந்தது.

அன்று காலை காபி கொண்டுவந்து வைத்தவள், வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அண்ணா, பள்ளிக்கூடத்துல யூனிஃபார்ம் தைக்கற வேலை தர்றேங்கறாங்க. அளவெடுக்கப் பிள்ளைங்க வரணும். அடுக்களை வழியா எப்படிக் கூட்டிட்டு வர்றது? இந்த மாசத்துக்குள்ள முன்னறை கிடைச்சா எனக்கு ஒரு வழி பொறந்துடும். இல்லேன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"இந்த வாரக் கூட்டத்துல எடுத்துக்கறோம்" என்றார் அண்ணன். எடுத்தும் இருப்பார்கள். அதற்குள் தம்பி குறுக்கே விழுந்தார்.

"அசையாதே. உன் இடுப்புல என்ன அது?"

சாக்பீஸும் கத்தரிக்கோலும் வைத்துக்கொள்ள அவள் கட்டியிருந்த தடித்த வெள்ளைத் துணி. பாகப்பிரிவினையில் கொள்ளுத் தாத்தா காலத்துப் பெட்டி அண்ணனுக்கும், பெட்டியின் பித்தளைப் பூட்டு தம்பிக்கும் போக, பெட்டியின் அடியில் விரித்திருந்த துணி தங்கை பங்குக்கு வந்தது. அதில் நீல நூலால் ஒரு விரிந்த காம்பஸ், அதற்குக் கீழே கொத்தனார் வைக்கும் ஒரு மூலைமட்டம், மேலே கதிர் வீசும் ஒற்றைக் கண்.

தம்பி தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அதே காம்பஸ், அதே மூலைமட்டம், அதே கண்.

"ஃப்ரீமேசன்னு ஒரு ரகசியச் சங்கம்ணா. உலகத்தையே இவங்கதான் ஆட்டி வைக்கறாங்களாம். ராஜா, மந்திரி எல்லாம் மெம்பராம்."

"அது நம்ம வீட்டுக்கு எப்படி வந்தது?"

"கொள்ளுத் தாத்தா பெட்டியில வேற எப்படி வரும்? அவரும் மெம்பரா இருந்திருக்கார்."

அண்ணன் மெல்ல எழுந்து நின்றார். அவர் ரத்தத்தில் ஏதோ ஓடுவது அவருக்கே தெரிந்தது. இத்தனை நாள் அதைச் சர்க்கரை என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்.

"அவுத்து இங்க வை" என்றார் தங்கையிடம். "கத்தரிக்கோலை எடுத்துட்டு வை."

"அப்ப முன்னறை?"

"குடும்பம் யாருன்னே இப்பத்தான் தெரிய வருது. இந்த நேரத்துல போய் அறை கிறைன்னுகிட்டு."

பொருளை அடையாளம் காண ஒரு துணைக் கமிட்டி அமைந்தது. அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அது அழைத்து வந்தது. அவர் சாப்பாட்டு மேஜையில் துணியை விரித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, ஒரு முறை முகர்ந்தும் பார்த்தார்.

"ஃப்ரீமேசன் ஏப்ரன்தான், சந்தேகமே இல்ல. சடங்குல கட்டிக்குவாங்க. உலகத்தையெல்லாம் ஆட்டி வைக்கலைங்க. கூடுவாங்க, சாப்பிடுவாங்க, தர்மம் பண்ணுவாங்க. ஆனா ஓரத்துல சிவப்பு நூல்ல ஒரு குறி இருக்கு பாருங்க. சலவைக்குப் போற துணியில போடற குறி. உங்க கொள்ளுத் தாத்தா இதைக் கட்டினாரா, இல்ல துவைச்சாரான்னு என்னால சொல்ல முடியாது."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். "கட்டினார்" என்பதற்கு எல்லாரும் கை தூக்கினார்கள். "துவைத்தார்" என்பதற்கு ஒரு கைகூட எழவில்லை. வரலாற்று ஆராய்ச்சியில் இவ்வளவு அப்பழுக்கில்லாத முடிவு அபூர்வம்.

"அவங்க கொள்கை என்ன சார்?" என்று கேட்டார் அண்ணன்.

"நிறைய இருக்கு. அதுல ஒண்ணு, விதவைகளையும் அநாதைகளையும் கைவிட மாட்டோம்னு வாக்குக் குடுப்பாங்க."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்பேர்ப்பட்ட பரம்பரை சார் நம்மது" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "சாருக்கு இன்னொரு காபி கொண்டா" என்று தங்கைக்குக் குரல் கொடுத்தார்.

கொள்ளுத் தாத்தாவின் சங்கத்தைப் புதுப்பிப்பது என்று அன்றே தீர்மானமாயிற்று. சங்கம் என்றால் கூடுமிடம் வேண்டும். மூன்று வருடமாகத் திறக்காத முன்னறை பத்து நிமிடத்தில் திறந்தது. கதவில் "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று பலகை ஏறியது. பழைய வழக்கப்படி பெண்களுக்கு அனுமதி இல்லை என்று தம்பி கைப்பேசியில் படித்துச் சொன்னார்.

"அப்ப நான்?" என்றாள் அண்ணனின் மனைவி.

"நீ வெளியிலிருந்து ஆதரவு."

"இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

தங்கைக்கும் சங்கத்தில் ஒரு பொறுப்பு தரப்பட்டது. உறுப்பினர்களுக்கு ஏப்ரன் தைக்க வேண்டும். பழையதை மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். கூலி கிடையாது, ஏனென்றால் இது "சேவை". அவள் துணியை வாங்கிக்கொண்டு கடைசியாக ஒரு தடவை கேட்டாள்.

"முன்னறை எனக்கு இல்லைன்னு ஆயிடுச்சாண்ணா?"

"அதை விதவைகள் நலனுக்குன்னு ஒதுக்கியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது."

"நான் யாருண்ணா?"

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உன்னைப் போய் என் வாயால அப்படிச் சொல்வேனா?"

தங்கை இருட்டு நடைக்குப் போய் மிஷின் முன் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு நாள் பகலில் வெளியே போய்விட்டு வந்தாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. அது எந்தக் கூட்டத்தின் பேசுபொருளிலும் இல்லை.

தொடக்க விழாவுக்குக் காப்பாளர்தான் சிறப்பு விருந்தினர். முன்னறையில் புது நாற்காலிகள், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பரம்பரை ஏப்ரன். மைத்துனர் கதவருகே காவல் நின்றார். அண்ணன் இடுப்பில் புது ஏப்ரனோடு, நெஞ்சில் கை வைத்து, விதவைகளைக் கைவிடமாட்டோம் என்ற உறுதிமொழியைத் தழுதழுத்த குரலில் படித்தார். பின்பக்கம் இரும்பு உருளும் சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றார் காப்பாளர்.

"உள் நிர்வாகம் சார். நீங்க உக்காருங்க."

"நல்லது. இப்ப உங்க சங்கம் யாரையாவது அப்படிக் காப்பாத்திட்டு வருதா?"

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் அசரவில்லை.

"அதையெல்லாம் வெளியில சொல்றதில்ல சார். ரகசியம்."

காப்பாளர் மெச்சிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தெருக்கதவைத் தட்டும் சத்தம். மைத்துனர் திறந்தால், வாசலில் தங்கை. அவளுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியில் தையல் மிஷின் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பலகையைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே கால் வைக்கவில்லை.

"அண்ணா, பின்நடைச் சாவி." ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "பள்ளிக்கூடத்துலயே ஒரு அறை ஒதுக்கிக் குடுத்துட்டாங்க. என் பங்குக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கிட்டேன். வர்றேன்."

காப்பாளர் அவள் இடுப்பைப் பார்த்தார். சாக்பீஸ் கறை படிந்த வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்பு நூல் குறி. பிறகு சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

அண்ணனின் நாக்கில் உறுதிமொழியின் ஈரம்கூடக் காயவில்லை.

"நம்ம தையல்காரம்மா சார்" என்றார்.

தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். "ஆமாங்க" என்றாள் காப்பாளரிடம். "இவங்க இடுப்புல இருக்கறதெல்லாம் நான் தைச்சதுதான். அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறதும்." வண்டி நகர்ந்தது.

காப்பாளர் காபி குடிக்காமல் கிளம்பினார். கமிட்டி உடனே அவசரமாகக் கூடி, கண்ணாடிக்குள் இருப்பதே அசல் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அதனால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

உலகத்தில் எத்தனையோ ரகசியச் சங்கங்கள் இருக்கலாம். ஆனால் மூன்று வருடம் ஒரு விதவையைக் கண்ணை இமை காப்பதுபோல் காப்பாற்றி, அந்த ரகசியம் அவள் காதுக்கே எட்டாமல் பார்த்துக்கொண்ட சங்கம் இது ஒன்றுதான்.