ஃபாதர்கள் செய்த சேஷ்டை

தாய்மொழி தெரியும் என்று மார்தட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதை அம்மாவிடம் காபி கேட்க மட்டுமே பயன்படுத்தியவர்கள். நானும் அந்த ரகம். கல்கத்தா பவானிபூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். தெரியாத தமிழ்ச் சொற்களுக்கு நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். வங்காளச் சொல்லின் வாலில் ஓர் 'ஐ' ஒட்டினால் தமிழ். பாஷா, பாஷை. பூஜா, பூஜை. (இதற்கு யாரும் எனக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. பொறாமை.)

தொண்ணூறுகளில், கல்கத்தாவின் பழைய கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் பி.காம். கடைசி வருடம். வருகைப் பதிவு போதாததால் பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. மழைத் தண்ணீரில் பஸ் ஓடவில்லை என்று வைஸ் பிரின்சிபாலிடம் முறையிட்டேன். அவர் பெல்ஜியத்தில் பிறந்த பாதிரியார், ஆனால் என்னைவிட அதிக வருடம் கல்கத்தாவில் இருந்தவர்.

"மார்ச் மாசத்திலயா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

ஒரு வருடம் வீண், அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளுமாக ஒரு குழு கல்லூரியைப் பார்க்க வந்தது. வைஸ் பிரின்சிபால் ஃபாதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கல்லூரியின் சரித்திரத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் பரீட்சையைப் பற்றி யோசிப்பார்.

மேடையேறினேன். கட்டடம், நூலகம், மாதா சிலை வரை சரியாகத்தான் போயிற்று. பிறகு கல்விச் சேவைக்கு வந்தேன்.

"நூறு வருஷத்துக்கு மேலா ஃபாதர்கள் இங்க பசங்களுக்கு சிக்ஷை குடுத்துண்டிருக்கா. பணக்காரன், ஏழைன்னு பேதமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே சிக்ஷை!"

(வங்காளத்தில் சிக்ஷா என்றால் கல்வி. தமிழில் சிக்ஷை என்றால் தண்டனை என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

முன்வரிசையில் ஒரு சிஸ்டர் கலவரத்துடன் கேட்டார். "தம்பி, அந்தப் பிள்ளைங்க அப்படி என்னப்பா தப்பு பண்ணுச்சுங்க?"

"தப்பா? சிக்ஷைக்கு ஆசைப்பட்டு விடியறதுக்கு முன்னாடியே கியூவில நிக்கறா சிஸ்டர்! அப்பா அம்மாவே கூட்டிண்டு வந்து விடறா."

சபையில் சலசலப்பு. ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முயற்சிக்கு வங்காளத்தில் சேஷ்டா. விடுவேனா?

"புதுக் கட்டடத்துக்காக ஃபாதர்கள் பண்ணாத சேஷ்டை இல்லை. கவர்ன்மென்ட் ஆபீஸ்லகூடப் போய் சேஷ்டை பண்ணினா. தொண்ணூறு வயசு ஃபாதர் ஒருத்தர் இன்னும் விடாம சேஷ்டை பண்றார்!"

சிஸ்டர்கள் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் மூத்த பாதிரியார், கண்ணைத் துடைத்தபடி என் சொற்பொழிவு முழுவதையும் எங்கள் ஃபாதருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். என் பரீட்சை போயே போய்விட்டது.

ஃபாதர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நூறு வருஷமா எல்லாருக்கும் தண்டனை. அப்படித்தானே?"

"இல்ல ஃபாதர், வந்து..."

"பேசாதே. முக்கியமாத் தமிழ்ல பேசாதே. இந்தக் காலேஜ் சரித்திரத்துல ஒருத்தனையாவது தண்டிக்காம விட்டோம்னு இருக்கட்டும். போய் ஹால் டிக்கெட் வாங்கிக்கோ."

தேறினேன். சில வருடம் கழித்துக் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கே படித்தவர் என்று பெண்ணின் சித்தப்பா விசாரித்திருக்கிறார்.

"படிக்கலை மாமா, மூணு வருஷம் சிக்ஷை. அப்புறம் வெளில விட்டுட்டா" என்றாள் என் தங்கை.

அவர் மெதுவாக என்னை ஓரங்கட்டி, எந்த ஜெயில் என்று கேட்டார். மனைவியின் வீட்டில் இன்றுவரை எனக்கு 'கல்கத்தா கைதி' என்றுதான் பெயர்.